முடிச்சு போடாத கயிறு

பிள்ளைகளே, போன மாதம் நாம் நாலு பேரும் படகுத்துறைக்குப் போனது நினைவிருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும், படகைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றை நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். நாலாவது தடவையும் குனிந்தேன். படகுக்காரர், "இன்னா சார், படகுல ஏற வந்தீங்களா, கயிறு வாங்க வந்தீங்களா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் ஏறவில்லை. கரையிலேயே நின்றுகொண்டேன்.

அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்குப் பயம் தண்ணீரிடம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தை மாதம் ஆரணியில் சின்னத் தாத்தா இறந்துபோனார். என் சித்தப்பா. சாவு வீட்டில் யாரோ ஓர் அம்மாள், "பெத்த பொண்ணையே தண்ணில வுட்டுட்ட மனுசன், பாவம்" என்று சொன்னதை நீங்கள் கேட்டுவிட்டு, வழியெல்லாம் பஸ்ஸில் என்னைத் துளைத்தீர்கள். நான் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் நான். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று அப்பாவுடையது, ஒன்று சித்தப்பாவுடையது. குழித்தறி. நெய்கிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, கீழே மிதியை மிதிக்க வேண்டும். ஐப்பசி பாதியில் அடைமழை பிடித்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். பட்டு ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். தறிக்கு ஏற்ற வேண்டிய நீள இழைகளை, அதாவது பாவை, தெருவில் நீட்டிக் கட்ட முடியாது. ஊரில் தறிச்சத்தம் அடங்கிவிடும். அப்பா அந்த நாட்களில் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

சித்தப்பா அப்படி இல்லை. மழைக்காலம்தான் அவருக்குத் திருவிழா. வருஷம் முழுக்கக் குழியில் கிடந்த கால்கள் வெளுத்து, மெலிந்து, பார்ப்பதற்கே வேறு யாருடைய கால்களோ மாதிரி இருக்கும். மழை சற்றே விட்டதும் அந்தக் கால்களில் செருப்பு கூட மாட்டாமல் கிளம்பிவிடுவார். கூட நானும் அவர் மகளும். அவள் எனக்கு இரண்டு வயது இளையவள். எனக்குத் தங்கச்சி. கோணிப்பையின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுதான் குடை. மடியில் வறுத்த வேர்க்கடலை. அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

ஒரு நாள் ஓரிக்கை வரை நடந்து பாலாற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்தோம். மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு, ஒரு முழுத் தென்னைமரத்தைப் புரட்டிக்கொண்டு போனது. தங்கச்சி கரையோரமாகவே அந்த மரத்தோடு போட்டி போட்டு ஓடினாள். இன்னொரு நாள் திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் வரப்பு வரப்பாக நடந்து நண்டு பிடித்தோம். நண்டு என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டபோது அவள்தான் அதன் முதுகில் எச்சில் துப்பி விடுவித்தாள். எச்சிலுக்கும் நண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் விட்டது.

இந்த ஊர்சுற்றல் சித்திக்குப் பிடிக்காது. "பொட்டப்புள்ளைய ஏரிக்கரைலாம் இட்டுக்கினு போவாதே. நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போறவ" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"போற எடத்துலயும் குழிதாம்மா இருக்குது. நடக்கிறப்பவே நடக்கட்டும் வுடு" என்பார் சித்தப்பா.

முசரவாக்கம் போகிற வழியில் ஓர் ஏரி. அதன் கரையில் சித்தப்பாவுக்குத் தெரிந்த கரும்புக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மகள் கல்யாணப் புடவையைச் சித்தப்பாதான் நெய்தார் என்பதால் எங்களைக் கண்டால் அவருக்கு ஒரு மரியாதை. கரும்புப்பாலைக் காய்ச்சி வெல்லமாக்குகிற இரும்புக் கொப்பரை ஒன்று அவர் கொட்டகையில் குப்புறக் கிடந்தது. ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கலாம், அவ்வளவு அகலம். கரும்பு வெட்டு தை மாதம்தான். அதுவரை அதற்கு வேலை இல்லை. ஏரி நிரம்பிவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் அதைத்தான் படகாக்கிக்கொள்வார்கள்.

நாங்களும் ஆக்கிக்கொண்டோம். கொப்பரையின் காதில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையிலிருந்த பனைமரத்தில் கட்டிவிடுவார்கள். நானும் தங்கச்சியும் உள்ளே. வெல்லம் துழாவுகிற நீண்ட மரக்கரண்டிதான் துடுப்பு. வலது பக்கம் தள்ளினால் கொப்பரை இடது பக்கம் சுற்றும். இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் சுற்றும். முன்னால் மட்டும் போகாது. வானமும் கரையும் சித்தப்பாவும் மாறிமாறி வர, நாங்கள் கத்துவோம். போதும் என்றால் சித்தப்பா கயிற்றை இழுத்துக் கரை சேர்ப்பார். மூன்று நாள் இப்படிப் போனோம். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மூன்று நாள் கிடையாது. நீங்கள் பிறந்த நாட்களையும் சேர்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏரியின் நடுவே ஒரு திட்டு. அதில் கருவேல மரங்கள். மரம் முழுக்கக் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருந்தன. தங்கச்சிக்கு அந்தத் திட்டைத் தொட்டுவிட்டு வர வேண்டும். கயிறு பாதித் தூரம்கூட எட்டவில்லை.

"எங்கூட்டுக் கயிறும் சேத்துக் கட்டினா எட்டும்பா" என்றாள்.

நாலாம் நாள் சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு தென்னங்கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். முந்தின இரவு கொட்டிய மழையில் ஏரி நிறைந்து, தெற்கு ஓரத்தில், மிஞ்சிய நீர் வெளியேறுகிற கல்கட்டான கலங்கல் மீது தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அருவி மாதிரி இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டோம்.

கொப்பரையைத் தண்ணீருக்கு உருட்டக் கரும்புக்காரர் முன்னே கொட்டகைக்குப் போனார், பின்னால் சித்தப்பா. போகும்போது, "டேய், அந்த ரெண்டு கயிறையும் சேத்து வைடா" என்று என்னிடம் சொன்னார் சித்தப்பா.

இங்கே நான் ஒன்றை விளக்க வேண்டும்.

தறியில் ஒரு பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதுப் பாவின் இழை முனையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதை முடிச்சு போட்டுச் சேர்க்கக் கூடாது. முடிச்சு இருந்தால், இழைகள் நுழைந்து வருகிற சீப்பு மாதிரியான அச்சின் பல்லில் சிக்கி இழை அறுந்துபோகும். இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து, துளி சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திரி. அவ்வளவுதான். இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தடவினால் சேர்ந்த இடம் தெரியக் கூடாது. சின்ன விரல்களுக்குத்தான் இது நன்றாக வரும். எங்கள் தெருவில் என்னைவிட வேகமாகத் திரிக்கிற பையன் இல்லை. அதற்கு முந்தின மாதம், அவசரத்தில் நாலைந்து இழைகளுக்கு முடிச்சு போட்டுவிட்டேன். அப்பா கண்டுபிடித்து, நாடாக் குச்சியால் விரல் கணுவில் அடித்தார். "முடிச்சு போடறவன் மாட்டுக் கொட்டாயில போயி இரு. தறிகிட்ட வராதே" என்றார்.

எதையும் சேர்க்கச் சரி என்று எனக்குத் தெரிந்த ஒரே விதம் அதுதான். ஒரு சாண் அளவுக்கு இரண்டு முனைகளின் புரியையும் பிரித்தேன். நாரோடு நார் கோத்தேன். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, தொடைமேல் வைத்து இறுக்கித் திரித்தேன். பிறகு தடவிப் பார்த்தேன். ஒரே கயிறாக இருந்தது.

"ஆச்சாடா?" என்று தண்ணீரில் முழங்கால் அளவில் நின்றபடி சித்தப்பா கேட்டார். கரும்புக்காரர் மரக்கரண்டி எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பியிருந்தார்.

"ஆச்சு சித்தப்பா. சேத்த எடமே தெரியாது."

"தெரிஞ்சா அவன் நம்ம வூட்டுப் புள்ளையா?" என்று சிரித்தார்.

கயிறு நீளம், திட்டு தூரம், அதனால் பாரம் குறைவாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவராகப் போக முடிவாயிற்று. முதலில் தங்கச்சி. எனக்கு உம்மென்று இருந்தது. அவள் கொப்பரையில் ஏறி, மரக்கரண்டியை வீரன் வேலைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "நாரை முட்டை எடுத்தாந்தா உனக்குக் கிடையாது போ" என்று நாக்கைத் துருத்தினாள்.

அது சுற்றிச் சுற்றிப் போயிற்று. சித்தப்பா கரையில் நின்று கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். நான் சேர்த்த இடம் அவர் கைகளின் ஊடாகத்தான் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெசவுக்காரர் கைக்கு உறுத்துவதுதான் தப்பு. அது உறுத்தவில்லை. வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

திட்டு கிட்டத்தில் வந்தபோது வாடைக்காற்று ஒரு மூச்சு வீசியது. கொப்பரை திட்டை விட்டுத் தெற்கே, கலங்கல் பக்கம் நகர்ந்தது. சித்தப்பா கயிற்றை இழுத்தார். ஒரு கணம் அது விறைத்தது. அப்புறம் அவர் மல்லாக்க விழுந்தார். கயிறு அவர்மேல் வந்து விழுந்தது.

தங்கச்சிக்குக் கயிறு போனது தெரிந்தது. ஆனால் அதில் இருந்த ஆபத்து தெரியவில்லை. "அப்பா! கயித்த வுட்டுட்டியா! ஐயய்ய, அப்பா கயித்த வுட்டுட்டாரு!" என்று அங்கிருந்து கைதட்டிச் சிரித்தாள். விளையாட்டில் சித்தப்பா தோற்றுப்போய்விட்டார் என்பதுபோல.

எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. சித்தப்பா குதித்துவிட்டார். பத்து அடி போனதும் முழுகினார். கரும்புக்காரர் பாய்ந்து அவர் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுக் கலங்கலை நோக்கி ஓடினார். கொப்பரை கலங்கல் பக்கம் போகப்போகச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராகப் போக ஆரம்பித்தது. அது நேராகப் போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். தங்கச்சி எழுந்து நின்றாள். இப்போது சிரிக்கவில்லை. மரக்கரண்டியை விட்டுவிட்டாள். கலங்கல் கல்லில் கொப்பரை இடித்துக் கவிழ்ந்த சத்தம், கோயில் கண்டாமணியை ஒரே ஒரு தடவை அடித்ததுபோல் கேட்டது.

கலங்கலிலிருந்து ஓடுகிற வாய்க்காலோடு ஆட்கள் இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில்தான் கிடைத்தாள், அரை மைல் தள்ளி, தாழம்புதரில். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நான் எழுத வேண்டியது முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி. எல்லாரும் வாய்க்கால் பக்கம் இருந்தார்கள். நான் பனைமரத்தடியில், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தனியாகத் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கரையில் கிடந்த கயிற்றைக் கண்டார். கை மேல் கை வைத்து, நிதானமாக இழுத்து, முனையைக் கையில் எடுத்தார். அது அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்த சுருக்கமும் அதில் இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு நார் பிரிந்து, வாரிவிட்ட தலைமுடிபோல் தொங்கியது. அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, பட்டின் தரம் பார்க்கிற மாதிரி மெல்லத் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

கரும்புக்காரரின் கதிர் அரிவாள் அங்கே கிடந்தது. அதை எடுத்து, அந்த ஒரு சாணையும் அறுத்து, ஏரிக்குள் வீசினார். என் தலையில் நழுவியிருந்த கோணிப்பையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கொப்பரையோடு போன பாதிக் கயிறு கல்லில் அடிபட்டு நார்நாராகிவிட்டது. அது எப்படிச் சேர்த்த கயிறு என்று அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"யாருய்யா கயித்தக் கட்டினது?" என்று கரும்புக்காரர் கூட்டத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றார் சித்தப்பா. "முடிச்சு சரியா வுழல."

"ஒரு மாட்டக் கட்டத் தெரியாதவங்கிட்ட வடத்தக் குடுத்தன் பாரு" என்று கரும்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிள்ளைகளே, அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பதற்றத்தில் சித்தப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். கயிற்றைச் சேர்த்தது நான் என்பதை அவர் மறந்தே போய்விட்டார் என்று. எப்போது ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து, அவர் இருக்கிற அறைக்குப் போகாமல் ஒளிந்து திரிந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று சொன்னேன்.

சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காரியம் நடந்த அன்று, எல்லார் முன்னாலும், "உன் கால் ஊர் சுத்தறதுக்கு எம்பொண்ணு ஒரு சாக்கு. ஒரு முடிச்சு போடத் தெரியல உனக்கு" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார். அவள் ஓரிக்கையில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பவே இல்லை. அப்பாவும் அவரோடு பேச்சை நிறுத்தினார். ஒரே கூரையின்கீழ் இரண்டு தறிகள் பேசாமல் ஓடின. மார்கழி பிறப்பதற்குள் சித்தப்பா ஒரு பையோடு பஸ் ஏறி ஆரணிக்குப் போய், யார் வீட்டுத் தறியிலோ கூலிக்கு உட்கார்ந்தார். பஸ் ஏறும்முன் என்னைக் கூப்பிட்டுக் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் கொடுத்தார். ஞாபகம் வந்துவிட்டதோ என்று நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

எனக்கு மீசை முளைத்த பிறகுதான் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் தறியில் இழை பிணைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த நாரைத் தேய்த்துப் பார்த்த விரல்கள் கண்முன் வந்தன. கை நின்றுவிட்டது. மறுநாளே ஆரணிக்குப் போனேன். அவர் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். "சித்தப்பா, அந்தக் கயிறு..." என்று ஆரம்பித்தேன்.

ஊடை இழையோடு இங்குமங்கும் ஓடுகிற நாடாவை அவர் நிறுத்தவில்லை. "உனக்கு அப்ப பத்து வயசுடா" என்றார். நாலைந்து இழை ஓடிய பிறகு, "சாப்டியா?" என்றார்.

சித்தியிடம் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். "வேணாம்" என்றார். நானும் சரி என்றேன். அவர் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தி இறக்கும்வரை வாய் திறக்கவில்லை. இப்போது அவரும் போன பிறகு உங்களிடம் சொல்கிறேன். இதில் பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. இனிமேல் யாராவது அவரைப் பற்றி அப்படிப் பேசினால், இல்லை, அது எங்கள் அப்பா கட்டிய கயிறு என்று சொல்லுங்கள். எனக்குத் தலைகுனிவு என்று பார்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை.

அவர் பஸ் ஏறிப் போன அன்று மத்தியானம். அப்பா தறியில். அம்மா சமையல்கட்டில். நான் பின்கட்டுக்குப் போனேன். ஆணியில் பழைய கிணற்றுக் கயிறு இரண்டு துண்டு தொங்கியது. இரண்டையும் எடுத்து, புரி பிரித்து, நாரோடு நார் கோத்து, கையை நனைத்துத் தொடைமேல் வைத்துத் திரித்தேன், அன்றைக்குச் செய்த மாதிரியே. இழுத்துப் பார்த்தேன். நின்றது. மழைத்தண்ணீர் நிரம்பிய தொட்டியில் அதை முக்கி, நூறு எண்ணினேன். எடுத்து இழுத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

பிறகு முடிச்சு போட்டேன். முக்கினேன். நூறு எண்ணினேன். ஒரு காலைத் தொட்டியில் உதைத்துக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்தேன். அது அசையவில்லை.

நனைந்து இறுகிய அந்த முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். இரண்டு துண்டையும் துடைத்து, யாரும் தொட்டது தெரியாதபடி அதே ஆணியில் மாட்டினேன். உள்ளே அம்மா கூப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.